சேவைச் சங்கத்தின் கூட்டங்களும் பணிகளும்: விதிமுறை வகுப்பது முதல் பொறுப்பு ஒப்படைப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சேவைச் சங்கம் ஒன்றைத் தொடங்குவது எளிது. தொடக்க உற்சாகம் வடிந்த பிறகும் அதை நடத்திச் செல்வதுதான் கடினம். இரண்டு மூன்று ஆண்டுகள் கடந்ததும் பல சங்கங்கள் இரண்டில் ஒரு திசையில் ஒதுங்கிவிடுகின்றன. ஒன்று, கூட்டம் தவறாமல் நடக்கும், ஆனால் வெளியே சொல்லும்படியான பணி எதுவும் நடக்காது. மற்றொன்று, தலைவரும் செயலாளரும் தொலைபேசியிலேயே எல்லாவற்றையும் முடிவு செய்து முகாம்களை நடத்திவிடுவார்கள். அழைப்பிதழ் கைக்கு வரும்போதுதான் மற்ற உறுப்பினர்களுக்குச் செய்தியே தெரியும். பார்ப்பதற்கு எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டுக்கும் காரணம் ஒன்றே: கூட்டத்தில் எடுக்கும் முடிவுக்கும் களத்தில் நடக்கும் பணிக்கும் இடையிலான தொடர்பு அறுந்திருக்கிறது. அந்தத் தொடர்பை எங்கெங்கே, எப்படி உறுதிப்படுத்துவது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். ரோட்டரி, அரிமா (லயன்ஸ்) போன்ற பன்னாட்டு அமைப்புகளின் கிளையாக இருந்தாலும், தனித்து இயங்கும் சிறிய சங்கமாக இருந்தாலும் இதில் உள்ளவை பெரும்பாலும் பொருந்தும்.

இத்தகைய சங்கங்கள் எப்படித் தோன்றின என்பதைத் தெரிந்துகொள்வது பயனுள்ளது. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் மூன்று நண்பர்களுடன் கூடியதே ரோட்டரியின் முதல் கூட்டம். ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் உறுப்பினரின் அலுவலகத்தில் சுழற்சி முறையில் கூடியதால் அந்தப் பெயர் அமைந்தது. தொடக்கத்தில் அது தொழில் செய்வோரின் நட்பு வட்டமாகவே இருந்தது. நகரில் பொதுக் கழிப்பறை அமைக்க வேண்டும் என்று 1907-இல் முயற்சி எடுத்த பிறகே பொதுச்சேவை அதன் அடையாளமாக வளர்ந்தது. கிவானிஸ் என்னும் சேவைச் சங்கம் 1915-இல் டெட்ராய்ட்டிலும், மெல்வின் ஜோன்ஸ் முன்னின்று அமைத்த அரிமா சங்கம் 1917-இல் சிகாகோவிலும் தோன்றின. முதலில் மனிதர்கள் கூடினார்கள், சேவை அதிலிருந்து பிறந்தது. ஆகவே, "பழகத்தான் வருகிறார்கள், வேலை செய்ய வருவதில்லை" என்று உறுப்பினர்களைக் குறை சொல்பவர்கள் சற்று யோசிக்க வேண்டும். பழக்கம் இல்லாத இடத்தில் வேலையும் நீடிப்பதில்லை.

முதற்படி: விதிமுறைகளும் பொறுப்பாளர்களும்

பன்னாட்டு அமைப்பின் கிளைகளுக்கு மாதிரி விதிமுறைகள் கிடைக்கின்றன. தனிச் சங்கமாக இருந்தால், பதிவு செய்வதற்கு முன்பே விதிமுறைகளை எழுதி முடிக்க வேண்டும். சங்கத்தின் நோக்கம், உறுப்பினரைச் சேர்க்கும் முறையும் நீக்கும் முறையும், சந்தா, பொறுப்பாளர்களின் பதவிக்காலம், தேர்தல், கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை, வங்கிக் கணக்கை இயக்கும் அதிகாரம், விதிகளைத் திருத்தும் வழி, சங்கம் கலைக்கப்பட்டால் எஞ்சும் சொத்து யாருக்குச் சேரும் என்பது ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். கடைசியில் சொன்னதை எழுதும்போது பலரும் சிரிப்பார்கள். ஆனால் அதை எழுதாமல் விட்ட சங்கங்களில்தான் பின்னாளில் வழக்கு வருகிறது.

குறைந்தபட்ச வருகையை, அதாவது கோரத்தை, நிர்ணயிக்கும்போது பேராசை கூடாது. மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு என்பது பொதுக்கூட்டத்திற்கு நடைமுறையில் எட்டக்கூடிய அளவு. மூன்றில் இரண்டு பங்கு என்று எழுதிவிட்டு, ஒவ்வொரு முறையும் போதிய வருகை இல்லாமல் கூட்டத்தை ஒத்திவைக்கும் சங்கம் எதையும் முறைப்படி தீர்மானிக்க முடியாது. செயற்குழுவுக்கு மட்டும் பாதிக்கு மேற்பட்டோர் வர வேண்டும் என்று வைப்பதே பொருத்தம். அங்கேதான் பணம் தொடர்பான முடிவுகள் முதலில் உருவாகின்றன.

பொறுப்பாளர்களில் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரும் கட்டாயம். அவர்களோடு, அடுத்த ஆண்டின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும், முந்தைய ஆண்டின் தலைவரும் செயற்குழுவில் இருக்க வேண்டும். இதை மரியாதைக்கான ஏற்பாடு என்று கருதிவிடக் கூடாது. பதவிக்காலம் ஓராண்டாக இருக்கும் சங்கத்தில், நேற்று என்ன வாக்குறுதி அளித்தோம் என்பது தெரிந்த ஒருவரும், நாளை அதைச் சுமக்கப்போகும் ஒருவரும் இன்று அறையில் இருந்தாக வேண்டும்.

இரண்டாம் படி: ஆண்டு அட்டவணை

ரோட்டரி, அரிமா இரண்டிலும் ஆண்டுக்கணக்கு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. உங்கள் சங்கத்தின் ஆண்டு எப்போது தொடங்கினாலும், அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே புதிய குழு அமர்ந்து அட்டவணையைத் தயாரித்துவிட வேண்டும். பதவியேற்ற பிறகு திட்டமிடத் தொடங்கினால் முதற்காலாண்டு முழுவதும் திட்டமிடுவதிலேயே கழிந்துவிடும்.

அட்டவணையில் முதலில் குறிக்க வேண்டியவை மாற்ற முடியாத நாள்கள்: பொதுக்குழு, தேர்தல், தணிக்கை, தலைமை அமைப்புக்கு அறிக்கை அனுப்ப வேண்டிய தேதி. அடுத்துக் குறிக்க வேண்டியவை ஆண்டுதோறும் தொடரும் பணிகள். மீதமுள்ள இடத்தில்தான் புதிய பணிகளை வைக்க வேண்டும். ஒவ்வொரு புதிய தலைவரும் தமது பெயர் சொல்லும் ஒரு புதிய திட்டத்தைத் தொடங்க விரும்புவது இயல்பு. அந்த விருப்பத்துக்காக, மூன்றாண்டுகளாக நடந்துவரும் ஒரு நல்ல பணியைக் கைவிடுவது சேவைச் சங்கங்களில் அடிக்கடி நடக்கும் வீண் இழப்பு. ரோட்டரி 1979-இல் பிலிப்பைன்ஸ் நாட்டுக் குழந்தைகளுக்குப் போலியோ தடுப்பு மருந்து வழங்கத் தொடங்கியது. 1985-இல் அதை உலகளாவிய இயக்கமாக விரித்தது. அதற்குப் பின் ஆண்டுதோறும் தலைவர்கள் மாறியும் அந்தப் பணியைக் கைவிடவில்லை. 1988-இல் 125-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,50,000 பேரைத் தாக்கிய அந்த நோய் இன்று விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளுக்குள் சுருங்கியதற்கு, அரசுகளும் உலக சுகாதார நிறுவனமும் பிறரும் சேர்ந்து உழைத்ததோடு, இந்தத் தொடர்ச்சியும் ஒரு காரணம்.

மூன்றாம் படி: எந்தக் கூட்டத்தில் எதைப் பேசுவது

செயற்குழுக் கூட்டமும் பொதுக்கூட்டமும் தனித்தனியாக நடக்க வேண்டும். செலவு மதிப்பீடு, விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது, உறுப்பினர் மீதான புகார், ஒப்பந்தங்கள் போன்றவை செயற்குழுவில் விரிவாகப் பேசப்பட வேண்டியவை. பொதுக்கூட்டத்துக்கு அவை சுருக்கமான பரிந்துரையாக வர வேண்டும். இந்த வரிசை தலைகீழானால், நாற்பது பேர் அமர்ந்திருக்கும் கூட்டத்தில் பந்தல் வாடகையைப் பற்றி அரை மணி நேரம் விவாதம் நடக்கும்; முதன்முறையாக வந்த புதிய உறுப்பினர் மறுமுறை வரமாட்டார்.

கூட்டம் எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதில் இன்று நெகிழ்வு வந்திருக்கிறது. வாரந்தோறும் கூடுவதையே விதியாகக் கொண்டிருந்த ரோட்டரி, மாதத்துக்குக் குறைந்தது இரண்டு முறை கூடினால் போதும் என்னும் அளவுக்குக் கிளைகளுக்கு 2016-இல் உரிமை அளித்தது. மாதத்துக்கு ஒரு செயற்குழு, இரண்டு பொதுக்கூட்டம், அவற்றில் ஒன்று களத்திலேயே நடப்பது என்ற அமைப்பு சிறிய சங்கத்துக்குப் போதுமானது. களத்தில் நடப்பது என்றால், உறுப்பினர்கள் தாம் உதவும் பள்ளியிலோ முதியோர் இல்லத்திலோ கூடி, அங்குள்ளவர்களிடம் கேட்டறிந்து, அங்கேயே அடுத்த பணியை முடிவு செய்வது. இணையவழிக் கூட்டம் செயற்குழுவுக்குப் பொருந்தும். பொதுக்கூட்டத்துக்கு அதையே பழக்கமாக்கினால் உறுப்பினர்கள் முகத்தை மறந்துவிடுவார்கள்.

நான்காம் படி: நிகழ்ச்சி நிரல்

நிகழ்ச்சி நிரல் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாக உறுப்பினர்களின் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் நேரம், அதை எடுத்துரைப்பவர், அது தகவலுக்காகவா விவாதத்துக்காகவா முடிவுக்காகவா என்ற குறிப்பு ஆகிய மூன்றும் அதில் இருந்தால், கூட்டத்தின் பாதி வேலை கூட்டத்துக்கு முன்பே முடிந்துவிடும். தொண்ணூறு நிமிடப் பொதுக்கூட்டம் ஒன்றை இப்படிப் பிரிக்கலாம்: தொடக்கமும் வரவேற்பும் 5 நிமிடம்; முந்தைய கூட்டக் குறிப்பை ஏற்பதும், அதில் ஒப்படைக்கப்பட்ட பொறுப்புகளின் நிலையும் 15; பொருளாளர் அறிக்கை 5; முடிவெடுக்க வேண்டிய பொருள்கள் 30; சிறப்புப் பேச்சாளர் 20; அவரிடம் கேள்வி 5; அடுத்த பணிக்கான பொறுப்பு ஒதுக்கீடு 7; நன்றி 3.

இந்தப் பிரிப்பில் இரண்டைக் கவனிக்க வேண்டும். முந்தைய கூட்டத்தின் பொறுப்புகளுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கப்பட்டிருப்பது முதலாவது. கூட்டத்தையும் களத்தையும் இணைக்கும் இடம் அதுதான் என்பதால் அதில் ஒரு நிமிடத்தையும் குறைக்கக் கூடாது. வரவேற்புக்கு ஐந்து நிமிடமே இருப்பது இரண்டாவது. மேடையில் இருப்போர் அனைவரின் பதவிகளையும் பட்டங்களையும் ஒவ்வொரு பேச்சாளரும் திரும்பத் திரும்பச் சொல்லும் வழக்கம் ஒரு கூட்டத்தின் கால் பங்கு நேரத்தைத் தின்றுவிடுகிறது. வரவேற்பவர் ஒரு முறை சொன்னால் போதும், மற்றவர்கள் "அனைவருக்கும் வணக்கம்" என்று தொடங்கலாம் என ஒரு தீர்மானமே நிறைவேற்றிவிடுவது நல்லது. தனிப்பட்ட முறையில் யாரையும் நிறுத்தச் சொல்வதைவிட இது மரியாதையானது.

சிறப்புப் பேச்சாளரை அழைக்கும்போது அவரது புகழைவிடச் சங்கத்தின் பணியோடு அவருக்குள்ள தொடர்பைப் பாருங்கள். சிறுநீரக நோயாளிகளுக்கு உதவும் சங்கம், டயாலிசிஸ் பிரிவின் செவிலியர் ஒருவரை இருபது நிமிடம் பேச வைத்தால் அடுத்த ஆறு மாதத்துக்கான வேலை தானே தெரியவரும்.

கூட்டத்தின் ஒழுங்கைக் காப்பதற்கென ஒருவர் இருப்பது நல்ல மரபு. ரோட்டரியில் அதற்குத் தனிப் பொறுப்பாளர் உண்டு. அரிமா சங்கங்களில் ‘டெயில் ட்விஸ்டர்’ என்ற பொறுப்பாளர் தாமதமாக வருபவர்களுக்கும் சின்னம் அணியாதவர்களுக்கும் வேடிக்கையாக அபராதம் விதித்துக் கலகலப்பூட்டுவார். ஒரே கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு முறைக்கு மேல் அபராதம் கூடாது என்றும், வந்திருப்போர் அனைவரும் ஒருமனதாக வாக்களித்தால்தான் அந்தப் பொறுப்பாளருக்கே அபராதம் விதிக்க முடியும் என்றும் மரபு. சிரித்துக்கொண்டே நேரத்தை மதிக்கக் கற்றுக்கொடுக்கும் இந்த ஏற்பாடு, தலைவர் முகம் சுளிப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது.

ஐந்தாம் படி: தீர்மானம் உருவாகும் முறை

பெரும்பாலான சங்கங்களில் தீர்மானம் என்பது, தலைவர் "எல்லோருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்பதும், யாரும் பேசாமல் இருப்பதுமாக முடிகிறது. மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது ஆபத்தானது. எதிர்ப்பு உள்ளவர்கள் அதை வெளியே போய்ப் பேசுவார்கள். முறையான வழி சிக்கலானதன்று. உறுப்பினர் ஒருவர் முன்மொழிகிறார், இன்னொருவர் வழிமொழிகிறார், தலைவர் தீர்மானத்தின் வாசகத்தை முழுமையாகப் படித்துக் காட்டுகிறார். பிறகு விவாதம். திருத்தம் வந்தால், முதலில் திருத்தத்தின் மீதும், பிறகு திருத்தப்பட்ட தீர்மானத்தின் மீதும் வாக்கெடுப்பு நடக்கிறது. முடிவைத் தலைவர் அறிவிக்கிறார். வழிமொழிய ஒருவரும் இல்லாத முன்மொழிவு அங்கேயே நின்றுவிடும். ஒருவர் மட்டுமே ஆர்வம் காட்டும் திட்டத்துக்காக எல்லோருடைய நேரமும் செலவாகாமல் காப்பது இந்த விதி.

விவாதத்தில் ஒருவர் இரண்டாம் முறை பேசுவதற்கு முன், இதுவரை பேசாதவர்களுக்கு வாய்ப்பு அளிக்க வேண்டும். வாக்குகள் சமமானால் தீர்மானம் தோற்றதாகக் கொள்வதே பொதுவான மரபு; தலைவருக்குக் கூடுதல் வாக்கு உண்டென்றால் அது விதிமுறையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பணம் கொடுக்கும் தீர்மானத்தில் தமக்கோ உறவினருக்கோ ஆதாயம் உள்ளவர் அதை முன்கூட்டியே தெரிவித்து, வாக்கெடுப்பின்போது வெளியே இருக்க வேண்டும். உறுப்பினரின் நிறுவனத்திடமே பொருள் வாங்குவது பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு நடப்பதுதான். ஆனாலும் மூன்று விலைப்புள்ளிகள் பெறாமல் அப்படி வாங்கினால், அந்த உறுப்பினர் நட்டத்தில் கொடுத்திருந்தாலும் அவர்மீது சந்தேகம் விழும்.

ஆறாம் படி: கூட்டக் குறிப்பு

செயலாளரின் பணிகளில் மிகவும் அலட்சியப்படுத்தப்படுவது இது. மிகவும் இன்றியமையாததும் இதுவே. குறிப்பேட்டில் பொதுவாகக் காணப்படும் பதிவு இப்படி இருக்கும்: "கண் சிகிச்சை முகாம் குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது. உறுப்பினர்கள் பல நல்ல ஆலோசனைகளை வழங்கினர். முகாமைச் சிறப்பாக நடத்துவது என முடிவு செய்யப்பட்டது." இதைப் படித்து யாராலும் ஒரு வேலையைத் தொடங்க முடியாது.

அதே கூட்டத்தை இப்படிப் பதியலாம்: "பொருள் 4. கண் பரிசோதனை முகாமை அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை 9 முதல் 1 மணி வரை பள்ளி வளாகத்தில் நடத்துவது என்ற தீர்மானம் முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டு, 17 பேர் ஆதரவுடனும் 2 பேர் எதிர்ப்புடனும் நிறைவேறியது. பள்ளியின் எழுத்துப்பூர்வ அனுமதியை இம்மாதம் 20-ஆம் தேதிக்குள் பெறுபவர் துணைத்தலைவர். மருத்துவமனையுடன் எழுத்தில் உடன்பாடு செய்து 22-ஆம் தேதிக்குள் செயற்குழுவில் வைப்பவர் செயலாளர். செலவுக்கு உச்சவரம்பு செயற்குழு ஒப்புதல் அளித்த மதிப்பீடு. அதற்கு மேல் போனால் மீண்டும் ஒப்புதல் தேவை." வேலை, அதைச் செய்பவர், முடிக்க வேண்டிய நாள், பணத்தின் எல்லை ஆகிய நான்கும் இருப்பதால், அடுத்த கூட்டத்தில் இந்தப் பதிவையே வாசித்து ஒவ்வொருவரிடமும் நிலையைக் கேட்கலாம்.

யார் எதைச் சொன்னார் என்று உரையாடலை முழுவதும் எழுத வேண்டியதில்லை. எழுதினால் பகைதான் மிஞ்சும். வந்தோர் பெயர், வர இயலாமையைத் தெரிவித்தோர் பெயர், தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும், தீர்மானத்தின் சரியான வாசகம், வாக்கு எண்ணிக்கை, ஒப்படைத்த பொறுப்புகள் ஆகியவை போதும். மூன்று நாள்களுக்குள் வரைவு எல்லோருக்கும் அனுப்பப்பட வேண்டும். நினைவு பசுமையாக இருக்கும்போது வரும் திருத்தங்கள் நேர்மையாக இருக்கும். அடுத்த கூட்டம் ஏற்றுக்கொண்ட பிறகு தலைவரும் செயலாளரும் கையொப்பமிட்ட பிரதியே அதிகாரபூர்வமானது. அதில் பின்னர் அடித்தல் திருத்தல் கூடாது.

ஏழாம் படி: பணியைத் தேர்ந்தெடுப்பது

"இந்த ஆண்டு என்ன செய்யலாம்?" என்று உறுப்பினர்களைக் கேட்டால், உறுப்பினர்களுக்குச் செய்ய எளிதானவை பட்டியலாக வரும். அதற்கு முன் கேட்கப்பட வேண்டியவர்கள் வேறு: தலைமையாசிரியர், ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர், துப்புரவுப் பணியாளர், மாற்றுத்திறனாளிகளின் பெற்றோர், பேருந்துக்காகக் காத்திருப்பவர். உறுப்பினர்கள் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து ஒரு மாதத்துக்குள் இத்தகையோரைச் சந்தித்து, "உங்கள் வேலையில் அடிக்கடி தடையாக நிற்பது எது?" என்று கேட்டு எழுதி வந்தால், சங்கம் நினைத்தே பார்த்திராத தேவைகள் தெரியவரும். பள்ளிக்குக் கணினி கொடுக்கப் போன இடத்தில், பூட்டப்பட்ட அறையில் ஏற்கெனவே கணினிகள் இருப்பதும், பழுது நீக்க ஆளில்லாததும், மாணவியர் கழிப்பறைக்குத் தண்ணீர் வராததும் தெரிவது அரிதான அனுபவமன்று.

வந்த தேவைகளை வடிகட்டச் சில கேள்விகள் உதவும். இதை வேறு யாராவது ஏற்கெனவே நன்றாகச் செய்கிறார்களா? அரசின் கடமையை நினைவூட்டி ஒரு மனு கொடுத்தாலே தீருமா? நம் உறுப்பினர்களின் தொழில்திறமை இதற்குப் பயன்படுமா? நாம் விலகிய பிறகு இதைப் பராமரிப்பவர் யார்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத திட்டத்தை, அது எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், ஒத்திவைப்பதே முறை. குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவியைத் திறந்து வைத்த படம் ஆண்டு மலரில் இருக்கும். வடிகட்டியை மாற்றுவார் இல்லாமல் கருவி மறு ஆண்டே ஓரத்தில் கிடக்கும். மரக்கன்று நடுவதும் இப்படித்தான். நட்ட எண்ணிக்கையை அறிவிப்பதைக் கைவிட்டு, இரண்டாம் ஆண்டு முடிவில் உயிரோடு நிற்கும் மரங்களின் எண்ணிக்கையை மட்டுமே அறிக்கையில் எழுதுவது என்று தீர்மானித்துவிட்டால், தண்ணீர் ஊற்றவும் வேலி போடவும் ஆள் இருக்கும் இடங்களில் மட்டுமே சங்கம் கன்று நடும்.

எட்டாம் படி: களத்தில் நடத்துவது

கண் பரிசோதனை முகாமை எடுத்துக்கொள்வோம். 1925-இல் அரிமா மாநாட்டில் பேசிய, பார்வையும் செவித்திறனும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர், பார்வையற்றோருக்காகப் பணியாற்ற முன்வருமாறு கேட்டுக்கொண்ட நாளிலிருந்து இது சேவைச் சங்கங்களின் அடையாளப் பணி. ஆனால் முகாம் நாளன்று நடப்பது இதில் மூன்றில் ஒரு பங்குதான்.

முகாமுக்கு முன்பு, மருத்துவமனையுடன் எழுத்துப்பூர்வ உடன்பாடு வேண்டும். பரிசோதிப்பவர் யார், அறுவைச் சிகிச்சை தேவைப்படுவோரை எங்கே, என்றைக்கு அழைத்துச் செல்வது, போக்குவரத்தும் தங்குமிடமும் யார் பொறுப்பு, சிக்கல் ஏற்பட்டால் யாரைத் தொடர்புகொள்வது என்பவை அதில் இருக்க வேண்டும். விளம்பரத்தில், பழைய மருத்துவச் சீட்டுகளையும் தற்போது உட்கொள்ளும் மருந்துகளையும் கொண்டுவரச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் கண்புரை அறுவைச் சிகிச்சை தள்ளிப்போகும்.

முகாம் நாளில் மக்கள் நகரும் பாதையை முந்தைய நாளே நடந்து பார்க்க வேண்டும். பதிவு மேசை, பார்வை அளவிடும் இடம், மருத்துவர், கண்ணாடி வழங்கும் இடம் அல்லது அறுவைச் சிகிச்சைக்கான பதிவு, வெளியேறும் வழி என்று ஒரே திசையில் செல்ல வேண்டும். வருவோரும் போவோரும் ஒரே வாசலில் மோதினால் முதியவர்கள்தான் தடுமாறுவார்கள். எழுத்துப் பலகைக்கும் பார்ப்பவருக்கும் இடையே மருத்துவக் குழு கேட்கும் தூரம், பொதுவாக ஆறு மீட்டர், கிடைக்கிறதா என்று நாடாவால் அளந்து பார்த்துவிட்டே அறையை முடிவு செய்யுங்கள். நிழலில் இருக்கைகள், குடிநீர், எட்டும் தொலைவில் கழிப்பறை ஆகியவை இல்லாத இடம் எவ்வளவு பெரியதானாலும் வேண்டாம். தொடக்க விழா என்று ஒன்று வைத்தே ஆக வேண்டுமானால் அதைப் பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டும், பதிவு மேசை அதற்காகக் காத்திருக்கக் கூடாது. சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானதால் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்க வைக்கப்பட்ட முதியவருக்குச் செய்யப்படுவதைச் சேவை என்று சொல்வதற்கில்லை.

முகாமுக்குப் பிறகுதான் சங்கத்தின் தரம் தெரியும். அறுவைச் சிகிச்சைக்குத் தேர்வானவர்களில் சிலர் பயத்தாலும், துணைக்கு ஆளில்லாததாலும், அன்றைய கூலியை இழக்க முடியாததாலும் வரமாட்டார்கள். உறுப்பினர் ஒருவருக்கு ஐந்து பேர் என்று பெயர்ப்பட்டியலைப் பிரித்துக் கொடுத்து, முகாம் முடிந்த வாரத்திலேயே நேரில் போய்ப் பார்க்கச் செய்ய வேண்டும். சிகிச்சை முடிந்தவர்கள் மருத்துவர் சொன்ன நாளில் மறுபரிசோதனைக்குப் போனார்களா, சொட்டு மருந்தை நிறுத்தாமல் போடுகிறார்களா என்பதையும் அதே உறுப்பினர் பார்த்துக்கொள்ளலாம். தேர்வானவர்கள் எத்தனை பேர், சிகிச்சை பெற்றவர்கள் எத்தனை பேர், மறுபரிசோதனை முடித்தவர்கள் எத்தனை பேர் என்ற மூன்று எண்களும் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும்.

இரத்ததான முகாமுக்கு ஒரு தனிக் குறிப்பு. நிறுவன நாள் அல்லது தலைவரின் பிறந்த நாளன்று ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோரைத் திரட்டுவது பார்க்கப் பெருமையாக இருக்கும். ஆனால் இரத்தச் சிவப்பணுக்களைக் குளிர்பதனத்தில் அதிகபட்சம் 42 நாள்களும், தட்டணுக்களைச் சுமார் 5 நாள்களும்தான் வைத்திருக்க முடியும். இரத்த வங்கியின் தேவை ஆண்டு முழுவதும் பரவியிருக்கும்போது கொடை மட்டும் ஒரே நாளில் குவிவதால் பயன் குறைகிறது. முதலில் இரத்த வங்கியிடம் எந்த மாதங்களில் தட்டுப்பாடு என்று கேட்டு, அந்த மாதங்களில் சிறு முகாம்களாகப் பிரித்து நடத்துவதும், எந்த நேரத்திலும் அழைக்கக்கூடிய கொடையாளர் பட்டியலை இரத்தப் பிரிவு வாரியாகப் பராமரிப்பதும் சிறந்தது. அந்தப் பட்டியலில் கடைசியாகக் கொடுத்த நாளும் இருக்க வேண்டும். உரிய இடைவெளி கடக்காதவர்களை அழைத்துத் தொந்தரவு செய்யாமல் இருக்க அது உதவும்.

படம் எடுப்பது குறித்து ஒரு விதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உதவி பெறுபவரின் ஒப்புதல் இல்லாமல் படம் கூடாது. ஒப்புதல் தர மறுப்பவருக்கும் உதவி குறையக் கூடாது. குழந்தைகளின் படத்துக்குப் பெற்றோரின் அனுமதி வேண்டும். ஒரு தையல் இயந்திரத்தைப் பன்னிரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்க, அதைப் பெறும் பெண் ஓரத்தில் தலைகுனிந்து நிற்கும் படத்தை யாரும் மகிழ்ச்சியோடு பார்ப்பதில்லை.

ஒன்பதாம் படி: பணம்

இரண்டு தனி வங்கிக் கணக்குகள் கட்டாயம். உறுப்பினர் சந்தாவிலிருந்து வருவது நிர்வாகக் கணக்கு. பொதுமக்களிடமிருந்து திரட்டப்படுவது சேவைக் கணக்கு. பொதுமக்களிடம் திரட்டிய பணம் பொதுமக்களுக்கே செலவாக வேண்டும் என்பது அரிமா அமைப்பின் அடிப்படை நிதி விதி. தனிச் சங்கங்களும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கூட்ட அரங்கின் வாடகையோ உறுப்பினர்களின் விருந்தோ சேவைக் கணக்கிலிருந்து ஒரு முறை போனாலும் போதும், நன்கொடையாளர்களின் நம்பிக்கை போய்விடும்.

காசோலையிலும் இணையவழிப் பணமாற்றத்திலும் இருவர் ஒப்புதல் வேண்டும். வரிசை எண் அச்சிட்ட ரசீது இல்லாமல் நன்கொடை பெறக் கூடாது. தொகை சிறிதென்று ரொக்கத்தை உறுப்பினரின் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு செலவு செய்துவிட்டு, பிறகு கணக்கு எழுதும் பழக்கத்தை முதல் நாளே தடுக்க வேண்டும். பொருளாளர் மாதந்தோறும் வங்கி அறிக்கையோடு ஒப்பிட்ட வரவு செலவைச் செயற்குழுவில் வைக்க, ஆண்டு இறுதியில் பொறுப்பில் இல்லாத ஒருவர் தணிக்கை செய்ய வேண்டும். வரிவிலக்கு, பதிவு, வெளிநாட்டு நன்கொடை ஆகியவற்றின் சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், அவற்றுக்குத் தணிக்கையாளரின் எழுத்துப்பூர்வ ஆலோசனையைப் பெறுவதே பாதுகாப்பு.

பத்தாம் படி: உறுப்பினர்களைத் தக்கவைப்பது

புதியவரைச் சேர்ப்பதைவிட, சேர்ந்தவர் முதல் ஆண்டில் விலகாமல் பார்த்துக்கொள்வது கடினம். சேர்ந்த மாதத்திலேயே அவருக்கு ஒரு சிறு பொறுப்பைக் கொடுங்கள். பழைய உறுப்பினர் ஒருவரைத் துணைக்கு வையுங்கள். அவருடைய தொழிலைக் கேட்டு, அதற்கேற்ற வேலையைக் கொடுப்பது முக்கியம்: கணக்காளரை நாற்காலி அடுக்க மட்டும் அழைத்துக்கொண்டிருந்தால் அவர் நீடிக்கமாட்டார். பெண்களுக்கு 1980-களின் பிற்பகுதி வரை ரோட்டரியும் அரிமா சங்கமும் கதவைத் திறக்கவில்லை; அரிமா 1987-இலும் ரோட்டரி 1989-இலும் விதிகளை மாற்றின. விதி மாறியும், கூட்டத்தின் நேரமும் இடமும் மாறாத சங்கங்கள் இன்னும் உண்டு. குழந்தை வளர்ப்பவர்களாலும், ஷிப்டு வேலைக்குப் போகிறவர்களாலும் வர முடியாத நேரத்தில் கூடிக்கொண்டே, இளையோர் வருவதில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

பதினோராம் படி: பொறுப்பை ஒப்படைப்பது

ஆண்டு முடிவில் பதவியேற்பு விழாவுக்குக் காட்டும் அக்கறையில் சிறு பங்கை ஒப்படைப்புக்குக் காட்டினால் போதும். விழாவுக்கு முன்பாக, பழைய குழுவும் புதிய குழுவும் ஒரு மாலை முழுவதும் அமர்ந்து, கையொப்பமிட்ட கூட்டக் குறிப்பேடு, உறுப்பினர் பட்டியலும் சந்தா நிலுவையும், இரண்டு கணக்குகளின் இருப்பு, பயன்படுத்தாத ரசீதுப் புத்தகங்கள், மின்னஞ்சல் மற்றும் சமூக ஊடகக் கணக்குகளின் கடவுச்சொற்கள், சங்கத்தின் பொருள்கள் எங்கே உள்ளன என்ற பட்டியல், மருத்துவமனைகளோடும் பள்ளிகளோடும் உள்ள உடன்பாடுகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். வங்கியில் கையொப்பம் மாற்றுவதற்குத் தேவையான தீர்மானத்தைப் புதிய குழுவின் முதல் செயற்குழுவிலேயே நிறைவேற்றிவிடுங்கள். தாமதமானால் முதல் பணிக்கே பணம் எடுக்க முடியாது.

இவற்றோடு நிலுவைப் பணிகளின் தாள் ஒன்றும் சேர வேண்டும். அதில் இன்னும் முடியாத ஒவ்வொரு வாக்குறுதியும், அது யாருக்குக் கொடுக்கப்பட்டது, எந்தத் தீர்மானத்தின்படி, அடுத்த கட்டம் என்ன, நாள் எது என்று எழுதப்பட்டிருக்கும். புதிய செயலாளர் தமது முதல் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் வரவேற்புக்கு அடுத்த பொருளாக அந்தத் தாளை வைத்து, ஒவ்வொரு வரிக்கும் ஓர் உறுப்பினரின் பெயரை எழுதி முடித்த பிறகே புதிய திட்டங்களை எடுத்துக்கொள்ள வேண்டும்.